ஏலத்தில் எடுத்த கடலோர வீடு: கட்டிய 25 சதவீதம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மஸ்கட்டில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்கு அருகே, கழிமுகத்தைப் பார்த்த சொகுசு அடுக்குமாடி வீடு ஒன்றை வங்கி ஏலத்தில் 2.62 கோடிக்கு எடுத்தேன். ரியல் எஸ்டேட் மந்தத்தில் இரண்டு முறை கேட்பாரில்லாமல், மூன்றாவது முறை விலை குறைத்து ஏலத்துக்கு வந்த வீடு. 25 சதவீதமாக 65.5 லட்சம் கட்டிவிட்டேன். விற்பனை உறுதி செய்யப்பட்டு ஒன்பது நாள் ஆகிறது. இப்போது குடியிருப்போர் சங்கம் 11.4 லட்சம் பராமரிப்பு பாக்கி கேட்கிறது. பழைய உரிமையாளர் தம் வயதான தாயாரைக் காட்டிக் காலி செய்ய மறுப்பதோடு, டிஆர்டியில் (கடன் வசூல் தீர்ப்பாயத்தில்) வழக்கும் போட்டிருக்கிறார். அதே கட்டடத்தில் வேறொரு வீடு 2.35 கோடிக்கு விற்பனைக்கு வந்துள்ளது. கடன் தருவதாகச் சொன்ன வங்கியும் பின்வாங்குகிறது. ஏலம் விட்ட வங்கி என்னை ஏமாற்றிவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு விலக முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் வங்கி மேலாளர் உட்காரச் சொல்லவில்லை என்பதும், தரகர் சொன்ன வாக்குறுதிகளும், சங்கச் செயலாளரின் பேச்சும் மூன்று பக்கத்தை எடுத்துக்கொண்டுள்ளன. வழக்கைத் தீர்மானிக்கப்போகும் செய்தி ஒரே வரியில் இருக்கிறது: விற்பனை உறுதியாகி ஒன்பது நாள் ஆகிவிட்டது, டிஆர்டியில் வழக்கு இருக்கிறதே தவிரத் தடையுத்தரவு இல்லை. ஆகவே மீதி 1 கோடியே 96.5 லட்சத்தைக் கட்ட உங்களுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

அடமானச் சொத்தை வங்கி தானே ஏலம் விட்டுக் கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் விதிகளில், விதி 9(4) மீதித் தொகைக்குப் பதினைந்து நாள் தருகிறது. இரு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். தவறினால் 9(5)இன்படி கட்டிய தொகை பறிமுதல். வீடு மறுபடி ஏலத்துக்குப் போய் உங்கள் விலையைவிடக் கூடுதலாக விற்றாலும் அதில் ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வராது. பறிமுதல் செய்வது வங்கி அடைந்த நட்டத்தின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளைக் காட்டி வாதாடிய காலம் போய்விட்டது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கும் சண்முகவேலு என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவுகள் இங்கே பொருந்தாது என்று சொல்லி, 3 கோடிக்கு மேற்பட்ட வைப்புத் தொகை முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது சரி என்றது. அவரும் ஆவணம் கிடைக்காததால் கடன் வாங்க முடியவில்லை என்றுதான் சொன்னார். உங்கள் காரணம் அதைவிட வலுவானதல்ல.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான், ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உங்களைப் போலவே வீட்டுக் கடனை நம்பி ஏலம் எடுத்தார். ஏலம் விட்ட வங்கி அடையாள சுவாதீனம் (ஆளை வெளியேற்றாமல் காகித அளவில் எடுக்கும் உடைமை) மட்டுமே எடுத்திருந்ததால், உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்குக் கடன் தர மற்ற வங்கி மறுத்துவிட்டது. அவர் அவகாசம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத, ஏலத்தை நடத்திய வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி 'ஓகே சார்' என்று பதில் போட்டார். பிறகு அந்த அதிகாரி இடமாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பறிமுதல் கடிதத்தில் கையெழுத்திட்டார். தீர்ப்பாயத்தில் நீட்டிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டபோது, என் கட்சிக்காரர் செல்பேசியைத் தூக்கிக் காட்டினார். அந்தத் திரையில் எந்தத் தேதி வரை என்று இல்லை, எந்தச் சொத்து என்றும் இல்லை. பணம் போனது போனதுதான். நீங்கள் நாளைக் காலையிலேயே நீட்டிப்பு கேட்டு மனுக் கொடுத்து, வங்கியின் முத்திரையோடு, தேதி குறிப்பிட்ட ஒப்புதலை வாங்குங்கள். ஆறாம் நாள் மாலைக்குள் அது கைக்கு வராவிட்டால் வைப்பு நிதியை உடைத்தோ நகையை வைத்தோ பணத்தைக் கட்டிவிடுங்கள்.

விலை குறைந்துவிட்டது என்பது சட்டக் காரணமே அல்ல. கணக்காகவும் அது நிற்காது. 65.5 லட்சத்தை விட்டுவிட்டு 2.35 கோடி வீட்டை வாங்கினால் உங்களுக்கு 3 கோடிக்கு மேல் ஆகிறது. சங்க பாக்கி முழுவதையும் சுமந்து இந்த வீட்டை எடுத்தாலும் 2.73 கோடியைத்தான் தொடுகிறது.

வங்கி பாக்கியை மறைத்தது என்கிறீர்கள். வங்கிக்குத் தெரிந்த வில்லங்கத்தை ஏல அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்பது விதிதான். ஆனால் வங்கிக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு, சங்கம் ஏலத்துக்கு முன் வங்கிக்கு எழுதிய கடிதம் போன்ற ஏதாவது உங்களிடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டவர் பாக்கி தெரியாது என்று சொல்வது எடுபடாது. கேரள மின்வாரிய வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் மின்கட்டண பாக்கி விஷயத்தில் ஏறத்தாழ இதையே ஏலதாரர்களுக்குச் சொன்னது.

விலகுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்று. தண்ணீரைப் பார்த்த வீடு என்பதற்காகத்தானே கூடுதல் விலை? அந்தத் தண்ணீருக்கென்று கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. கொச்சியில் மரடு காயலோரம் இருந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் அந்த விதிகளை மீறியதால் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன; வீட்டுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்ளது உள்ளபடி எடுத்த நீங்கள் அப்படி ஒரு நிலையில் யாரிடம் போய் நிற்பீர்கள்? ஆகவே இரண்டு நாளுக்குள் திட்ட அனுமதியையும் கடலோர மண்டல அனுமதியையும் வாங்கிப் பாருங்கள். அதில் ஓட்டை இருந்தால், 65.5 லட்சம் போனாலும் 1.96 கோடி மிஞ்சட்டும் என்பேன்.

பழைய உரிமையாளர் பணம் கட்டி வீட்டை மீட்டுவிடுவேன் என்று மிரட்டுவதைப் பொருட்படுத்த வேண்டாம். 2016 திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிகிறது. 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் அறிவிப்பு அனுப்பியதில் நடைமுறைக் குறை இருந்தால் அவர் வழக்கு உயிரோடிருக்கும். நீங்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

தரப்பாகச் சேர்ந்தாலும் அவரோடு வழக்காடிக்கொண்டே இராமல் சமரசம் பேசுங்கள். அவர் தாயாரின் உடல்நிலை உண்மையோ பொய்யோ, சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவில் மனுப் போட்டு ஆளை வெளியேற்ற மாதங்கள் ஆகும். அதுவரை உங்களுக்கு வட்டி ஓடும். மூன்று லட்சம், நான்கு லட்சம் கொடுத்தால் போகிறவராக இருந்தால் கொடுத்துவிடுங்கள். சங்கத்திடமும் அபராத வட்டியைத் தள்ளச் சொல்லி, அசலைத் தவணையில் கட்டுவதற்கான ஒப்புதலை எழுதி வாங்குங்கள். உரிமையாளருக்கான டிடியை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். டிஆர்டி வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் அவர் கையெழுத்திட்டு, காலி வீட்டின் சாவியை உங்கள் கையில் வைக்கும் அன்று, அறை அறையாகத் திறந்து பார்த்த பிறகு அது கைமாறட்டும்.