வாக்குச்சாவடி வேலைக்குத் துப்பாக்கியோடு போகலாமா? டெக்சாஸ் கேள்வி பதில்

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய அடுத்த வருடமே வாக்குச்சாவடியில் கிளார்க்காக, அதாவது தேர்தல் நாள் உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது எலெக்‌ஷன் ஜட்ஜ், அதாவது அந்தச் சாவடியின் பொறுப்பாளர். கைத்துப்பாக்கி லைசென்ஸும் உண்டு. மற்ற நாட்களில் துப்பாக்கி இடுப்பில்தான் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: அண்ணா, இந்த முறை கிளார்க்காகப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனால் தப்பா?

தப்புதான் தம்பி. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் பிரிவு 46.03 இதைத் தெளிவாகவே சொல்கிறது. தேர்தல் நாளிலும், முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களிலும் சாவடிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கூடாது. லைசென்ஸ் இருந்தாலும், மறைத்து வைத்தாலும் கூடாது. மீறினால் மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது கடுங்குற்றம்: 2 முதல் 10 வருடம் சிறை, 10,000 டாலர் வரை அபராதம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை போய்விடும். தண்டனை முடியும்வரை ஓட்டுரிமையும் இல்லை. 2021 செப்டம்பர் முதல் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். அது சாவடிக்குள் செல்லாது.

கேள்வி: எலெக்‌ஷன் ஜட்ஜுக்கு மட்டும் விலக்கு உண்டு என்கிறார்களே சார்?

அந்தப் பேச்சு 2018-இல் தொடங்கியது. தேர்தல் சட்டப்படி, சாவடியில் ஒழுங்கைக் காக்கும் விஷயத்தில் எலெக்‌ஷன் ஜட்ஜுக்கு மாவட்ட நீதிபதியின் அதிகாரம் உண்டு. கைது வாரண்ட்கூடப் பிறப்பிக்கலாம். லைசென்ஸ் உள்ள நீதிபதிகளுக்குத் துப்பாக்கித் தடையிலிருந்து ஏற்கெனவே விலக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, லைசென்ஸ் உள்ள எலெக்‌ஷன் ஜட்ஜும் சாவடியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதைய டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) கென் பேக்ஸ்டன் கருத்துச் சொன்னார். சாவடி ஸ்கூல் மாதிரி வேறு காரணத்தால் தடை உள்ள இடத்தில் இருந்தால் அது பொருந்தாது. முக்கியமாக, அது ஒரு கருத்துதான். எந்த நீதிமன்றமும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கிளார்க்குக்கு அதில் இடமே இல்லை.

சரி, நீங்கள் எடுத்துப் போகிறீர்களா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. ஒரு நாளும் எடுத்துப் போனதில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல.

ஒரு பிரைமரி தேர்தல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. மதியம் மூன்று மணி இருக்கும். நல்ல உயரமான ஒருவர், பட்டியலில் தன் பெயர் இல்லை என்று எங்கள் கிளார்க் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐடியை வாங்கிப் பார்த்தேன். வீடு மாறிய பிறகும் அவருடைய பதிவு பழைய கவுண்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தது. என்ன செய்யலாம் என்று எழுதிக் காட்டியதும் குரல் இறங்கிவிட்டது. என் இடுப்பில் துப்பாக்கி தெரிந்திருந்தால் நான் எழுதியதை அவர் பார்த்திருக்க மாட்டார், என் கையைத்தான் பார்த்திருப்பார். வரிசையில் நின்றவர்களும் அப்படித்தான். ஓட்டுப் போட வந்தவர் ஒரே ஒருவர் மிரண்டு திரும்பிப் போனாலும் நான் அங்கே உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: காரில் வைத்துவிட்டு உள்ளே போகலாமா?

டெக்சாஸ் சட்டத்தில் தடை கட்டடத்துக்குத்தான். பார்க்கிங் லாட் அதில் சேராது. ஆனால் நிறைய சாவடிகள் ஸ்கூல்களில் இருக்கின்றன. அங்கே ஃபெடரல் சட்டம் குறுக்கே வரும்: ஸ்கூலைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் எடுக்காமல் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் குண்டை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும். என் யோசனையைக் கேட்டால், அன்றைக்கு வீட்டு லாக்கரிலேயே இருக்கட்டும். பதினான்கு மணி நேரம் காரைத் திரும்பிப் பார்க்கவே நேரம் இருக்காது.

கேள்வி: ஓட்டுப் போட வருபவரே இடுப்பில் துப்பாக்கியோடு வந்துவிட்டால்?

பெரும்பாலும் மறந்துபோய் வருபவர்கள்தான். கிட்டே போய், மற்றவர் காதில் விழாதபடி, “சார், இதைக் காரில் வைத்துவிட்டு வாங்க, உங்களுக்காகக் காத்திருக்கிறோம்” என்று சொன்னால் போய்விடுவார்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், கவுண்டி போலீஸ் அதிகாரியான ஷெரிஃபைக் கூப்பிடுங்கள். போலீஸ்காரர்களுக்கு விலக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் இன்னொன்று, புதுக் கிளார்க்குகள் இதில் குழம்புகிறார்கள்: டெக்சாஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் அட்டை, ஓட்டுப் போட ஏற்றுக்கொள்ளப்படும் போட்டோ ஐடிகளில் ஒன்று. அட்டையை நீட்டினார் என்பதற்காக யாரையும் சந்தேகமாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் கிரீன் கார்டு. துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். சாவடியில் வேலை செய்யலாமா?

முடியாது. இங்கே கிளார்க்காக இருக்கப் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும், அதற்குக் குடியுரிமை வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர துப்பாக்கியே கூடாது.

கேள்வி: அட்லாண்டாவிலும் வர்ஜீனியாவிலும் சொந்தக்காரர்கள் இதே வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் இதே கதையா?

ஒவ்வொரு மாநிலமும் வேறு. ஜார்ஜியாவில் சாவடியிலிருந்து 150 அடிக்குள் போலீஸ், சான்று பெற்ற செக்யூரிட்டி கார்டு தவிர யாரும் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல் 40 அடி. பென்சில்வேனியாவில் மாநிலம் முழுக்கப் பொருந்தும் தடை கிடையாது. அங்கே சாவடி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி உரிமையை விரித்துக்கொடுத்த 2022 புரூயன் தீர்ப்பிலேயே, தடை விதிக்கக்கூடிய இடங்களுக்கு உதாரணமாக உச்சநீதிமன்றம் வாக்குச்சாவடியைச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: என் கணவர் முதல் தடவை போகிறார். மிரட்டல் பற்றியெல்லாம் செய்தியில் பார்க்கிறோம். வெறுங்கையோடு அனுப்பப் பயமாக இருக்கிறது அண்ணா.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. 2020 தேர்தலில் ஜார்ஜியாவில் வேலை செய்த ரூபி ஃப்ரீமனும் அவர் மகள் ஷே மாஸும், ஓட்டு எண்ணிக்கையில் மோசடி செய்தார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டால் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு ஏறத்தாழ 14.8 கோடி டாலர் நஷ்டஈடு என்று சொன்னது. ஆனால் அவர்களுக்கு மிரட்டல் போனிலும் வீட்டு வாசலிலும் வந்தது. சாவடிக்குள் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அது நின்றிருக்காது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். காலையில் போனதும் ஷெரிஃப் ஆபீஸ் எண்ணையும் கவுண்டி தேர்தல் ஆபீஸ் எண்ணையும் மேஜையில் எழுதி ஒட்டட்டும். வெளியே போகும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். மாலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் போட்டு முடித்த பிறகு, மெஷினையும் பேப்பரையும் காருக்கு எடுத்துப் போகும்போது தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். சாப்பாடு இரண்டு வேளைக்குக் கட்டிக் கொடுங்கள். தயிர் சாதம் கொஞ்சம் கூடவே வையுங்கள்.