உரைகல்: கண்டெடுத்த நகையை எங்கே விற்பது?

(இந்தப் பகுதியில் பதில் சொல்பவர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 31 வருஷம் வங்கி அடகுப் பகுதியில் நகை மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர்.)

கல்லடி வாசகர்: வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மூன்று செம்புத் துட்டுகள் வந்தன. ஒன்றில் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நல்ல விலை தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம் தம்பி. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து 1638இல் பிடித்தவர்கள் அவர்கள்தான். அதனால் நம்முடைய மண்ணில் அவர்களுடைய காசு வருவது புதினமில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் நடந்த நாள். அதற்கு முற்பட்டது என்றால் அது தொல்பொருள். மண்ணுக்குள் இருந்து வந்த தொல்பொருள் அரசாங்கத்துக்கு உரியது. கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகம்) பொலிஸுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். தொலைபேசிக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்று, புளி போட்டு மினுக்கிவிடாதீர்கள்.

ஏறாவூர் வாசகி: உம்மாவின் பழைய காப்பு ஒன்று இருக்கிறது. தங்கமா, கவரிங்கா என்று சண்டை. அமிலம் போடாமல் வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு மகள். ஒரு கிராமின் பத்திலொரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். முதலில் காப்பை அப்படியே நிறுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, எண்ணிக்கையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காப்பை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. தராசு இப்போது ஒரு சின்ன எண்ணிக்கை காட்டும். முதல் எடையை அதனால் பிரித்துப் பாருங்கள். இருபத்திரண்டு கரட் தங்கம் பதினேழரைக்குக் கிட்ட வரும். பித்தளை எட்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். எட்டுக் கிராம், அதாவது ஒரு பவுண் நகை என்றால், தங்கத்துக்குத் தராசு அரைக் கிராம் அளவில் காட்டும், பித்தளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம். கல்லுப் பதித்ததற்கும் உள்ளே அரக்கு அடைத்ததற்கும் இந்தக் கணக்கு சரிவராது. உம்மாவின் காலத்துக் காப்புகளில் அரக்கு இருக்கும், கவனம்.

திருக்கோவில் வாசகர்: அம்மா, கட்டாரில் இருந்து வந்த மச்சான் மெட்டல் டிடெக்டர் ஒன்று கொண்டுவந்தார். ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம் கடற்கரையில் ஓட்டிப் பார்த்தோம். சோடா மூடி, ஆணி, பத்து ரூபாய்க் குற்றி எல்லாம் வந்த பிறகு, ஒரு சாண் ஆழத்தில் அறுந்த தாலிக்கொடித் துண்டு ஒன்று வந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நீலக்கல் மோதிரம். கொடித்துண்டு 19 கிராம், மோதிரம் 6 கிராம். மோதிரத்தின் உள்பக்கம் ‘க – வ’ என்று இரண்டு எழுத்தும் 1998ஆம் ஆண்டுத் திகதி ஒன்றும் வெட்டியிருக்கிறது. கல்முனையில் ஒரு கடையில் பில் கேட்டார்கள். இன்னொரு கடைக்காரர், பில் தேவையில்லை, இன்றைய விலையில் பாதி தருகிறேன், உடனே உருக்கிவிடுவேன் என்றார். கொழும்புச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால் கூடக் கிடைக்குமா? பேஸ்புக்கில் போட்டு விற்கலாமா? வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருக்கிறது.

மகன், நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உருக்க விடாமல் வைத்திருந்து எனக்கு எழுதினீர்களே, அதற்காகவே நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பாதி விலைக்காரர். தங்கம் யாரிடமிருந்து வந்தாலும் தங்கம்தான். இருபத்திரண்டு கரட் என்றால் நூறில் 91.6 பங்கு தங்கம், அது உங்கள் கையில் இருக்கும்போது ஒரு அளவும் அவர் பெட்டகத்துக்குள் போன பிறகு இன்னொரு அளவுமாக மாறாது. அப்படியிருந்தும் பாதிதான் தருவேன் என்றால், மற்றப் பாதிக்கு அவர் உங்கள் பயத்தை வாங்குகிறார். நாளைக்கு யாராவது தேடி வந்தால், இவர்தான் கொண்டுவந்தார் என்று உங்கள் பெயரைச் சொல்லவும் அவர் தயங்க மாட்டார். நகை உருகிப் போயிருக்கும், உங்கள் பெயர் மட்டும் உருகாது. பில் கேட்ட கடைக்காரர்தான் ஒழுங்கானவர். விற்கும் நாள் வந்தால் அவரிடமே போங்கள்.

இப்போது, அது யாருடையது? 1998 என்று திகதி இருப்பதால், மேலே கல்லடித் தம்பிக்குச் சொன்ன தொல்பொருள் பிரச்சினை மோதிரத்துக்கு இல்லை. கொடித்துண்டையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒட்டுத் தெரியாமல் இருந்தால் அது மெசின் வேலை, அண்மைக் காலத்துச் சாமான். ஆனால் ஒரு விஷயம். சித்திரவேலாயுத சுவாமி கோயில் பழைய கோயில். அந்தச் சுற்றாடலில் கருவியைப் பிடித்துக்கொண்டு தோண்டினால், மோதிரம் தேடினேன் என்று சொல்லி யாரும் நம்பப்போவதில்லை. அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். ‘ஸ்கேனர்’ என்ற சொல் காதில் விழுந்தாலே புதையல் கேஸ் என்றுதான் பொலிஸார் நினைப்பார்கள். மச்சானிடம் கருவியின் கடதாசிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆணி வருகிற இடத்தில் பெரிய இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு 119க்கு அடியுங்கள். யுத்தம் நடந்த மண் இது.

உங்கள் கடற்கரையில் நகை புதைவதற்கு இரண்டு காரணம் எனக்குத் தெரியும். ஒன்று தீர்த்தம். ஆயிரக்கணக்கில் சனம் இறங்கித் தோயும் இடத்தில், அலை ஒருதரம் அடித்து இழுத்தால் தோடும் மோதிரமும் கழன்று போகும். மற்றது 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறையும் கூட. வங்கி பூட்டியிருந்தது. நான் அப்போது வேலை செய்த கிளை கடலிலிருந்து தள்ளி, பிரதான வீதியில் இருந்தது, தண்ணீர் வரவில்லை. தை மாதம் சனம் வரத் தொடங்கியது. எனக்கு அதுவரை தோன்றாத ஒன்றை அப்போதுதான் கண்டேன்: கஷ்டப்பட்டு ஈடு வைத்தவர்களின் நகைதான் தப்பியிருந்தது. கலியாணத்துக்கென்று கடன்பட்டு மீட்டுக்கொண்டு போனவர்களிடம் ஒன்றுமில்லை. ஒரு அம்மா வந்து, ‘ஈட்டுத் துண்டும் இல்லை, வீடும் இல்லை பிள்ளை, காப்பு மட்டும் உன்னட்ட இருக்கு’ என்றா. அடையாள அட்டையும் அவவிடம் இல்லை. பெயரும் திகதியும் சரிவந்தது, ஆனாலும் நான் கேட்க வேண்டும், அதுதான் வேலை. காப்பில் என்ன அடையாளம் என்றேன். பேரன் பல்லு முளைக்கிற நேரம் கடித்த தழும்பு இரண்டு இருக்கு, பூட்டுக்குக் கிட்ட, என்றா. பைக்கற்றைப் பிரித்தேன். இருந்தது. அந்தப் பேரனைப் பற்றி நான் கேட்கவில்லை.

இதைச் சொல்வது உங்களை அழவைக்க இல்லை. சொந்தக்காரர் எடையைச் சொல்ல மாட்டார், கரட்டைச் சொல்ல மாட்டார். எங்கே நெளிந்தது, எந்தக் கொழுக்கியை மாற்றினது, யார் கடித்தது என்றுதான் சொல்வார். அதனால் உருக்குவதற்கு முன் ஒரு நகைக்கு ஆள் தேடலாம். உருக்கிவிட்டால் அது கட்டி, அதற்கு ஆள் கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். நல்ல தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு, நாலு பக்கமும் படம் எடுங்கள். பில் கேட்ட கடையில் நிறுத்து, எடையை எழுதி வாங்குங்கள். பிறகு கிராம உத்தியோகத்தரையோ ஒரு சமாதான நீதவானையோ கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய், எங்கே எப்போது கிடைத்தது என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிந்து, இலக்கத்தை வாங்குங்கள். நகையைக் கொடுக்கும்போது எடையும் அடையாளமும் எழுதிய துண்டு கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கும், அதுதான் ஆள் கூட்டிப் போகச் சொல்கிறேன். கண்டெடுத்த பொருளின் சொந்தக்காரரைத் தேடிப் பார்க்காமல் தனதாக்கிக்கொள்வது நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். தேடினீர்கள் என்பதற்கு அந்த இலக்கம்தான் சாட்சி. கோயில் நிர்வாகத்திடமும் சொல்லி வையுங்கள், தீர்த்தத்தில் தொலைத்தவர்கள் முதலில் அங்கேதான் போய்க் கேட்பார்கள்.

பேஸ்புக்கை விற்பதற்குப் பாவிக்க வேண்டாம், தேடுவதற்குப் பாவியுங்கள். ‘திருக்கோவில் கடற்கரையில் மோதிரம் ஒன்றும் கொடி ஒன்றும் கிடைத்தன’, அவ்வளவுதான். படம் போடாதீர்கள். எழுத்தையும் திகதியையும் கல்லின் நிறத்தையும் சொல்லாதீர்கள். போட்டால் ஒரு கிழமைக்குள் இருபது ‘க’வும் இருபது ‘வ’வும் வந்து நிற்பார்கள். திகதி பெரும்பாலும் கலியாண நாளாகத்தான் இருக்கும். விவாகப் பதிவாளரிடம் பதிவுப் புத்தகம் இருக்கிறது, பொலிஸ் நினைத்தால் விசாரிக்கலாம். அதைக் கேட்கச் சொல்லி நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

ஆள் வந்துவிட்டால் கூரைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சந்தோஷத்துக்கு ஏதாவது தருவார்கள், தராமலும் போவார்கள். ஆள் வராவிட்டால் நீதவான் சொல்வதுதான் முடிவு. அது உங்கள் கைக்குத் திரும்பி வந்தால் அந்த உத்தரவின் பிரதி உங்களுக்குப் பில்லை விடப் பெரிய கடதாசி. அதை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி முழு விலைக்கு விற்கலாம்.

அப்படி விற்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கொடித்துண்டு வெறும் தங்கம், இரண்டு பவுணுக்குக் கொஞ்சம் மேல். அதற்காகக் கொழும்பு பஸ் ஏற வேண்டியதில்லை. தங்கத்தின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது, கடைக்குக் கடை மாறுவது அவர்கள் வெட்டுகிற கழிவுதான். காலையில் அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு மூன்று கடை ஏறுங்கள். உரைகல்லில் உரசினாலும் மெசினில் வைத்தாலும் உங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகிறேன் என்றால் நீங்களும் உள்ளே போங்கள். விலை பேசி முடியும் வரை வெட்டிப் பார்க்க விடாதீர்கள். வெட்டின நகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வர யாருக்கும் மனம் வராது, கடைக்காரருக்கு அது தெரியும்.

மோதிரம் வேறு கதை. வங்கியிலும் சரி, கடையிலும் சரி, கல்லுக்குக் காசு இல்லை. அதன் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கணக்கு. நானே எத்தனை கல்லைக் கழித்திருக்கிறேன். நீலக்கல் கண்ணாடியாக இருக்கலாம், செயற்கைக் கல்லாக இருக்கலாம் (அதை நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள்), உண்மையான இலங்கை நீலமாகவும் இருக்கலாம். மூன்றாவது என்றால் கல்லின் பெறுமதி தங்கத்தைத் தாண்டிப் போகக்கூடும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லையும் தங்கத்தையும் பரிசோதித்துச் சான்று தருவார்கள். பஸ் ஏறுவதானால் இதற்கு ஏறுங்கள். பத்தரிடம் கொடுத்துக் கல்லைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள், மோதிரத்தோடே கொண்டுபோங்கள்.

இவ்வளவு நீளமாக எழுத எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 78 சூறாவளிக்கு அடுத்த வருஷம், அம்மம்மாவோடு திருக்கோவில் தீர்த்தத்துக்கு வந்தேன். அவ காதில் இருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்ட ஏழுகல்லுத் தோடு, இரண்டாவது முழுக்கில் ஒன்று போய்விட்டது. சுரை இறுக்கமில்லை என்று போடும்போதே சொன்னா, நான் கேட்கவில்லை. மற்றது இன்றைக்கும் ஒரு விக்ஸ் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி என் அலுமாரியில் இருக்கிறது. 31 வருஷம் ஊரார் நகைக்கெல்லாம் விலை போட்டேன், அதற்குப் போட்டதில்லை. உங்கள் கருவி கோயிலுக்குத் தெற்கே கத்தி, சுரையில்லாத வெள்ளைக்கல்லுத் தோடு ஒன்று வந்தால் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏழில் ஒரு கல் தொலைவதற்கு முன்பே விழுந்திருந்தது. எந்தக் கல் என்று இங்கே எழுத மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.