மூன்று தலைமுறையோடு அந்தமான்: ஆறு நாளுக்கு எத்தனை தீவு?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்மானம், இரத்த அழுத்தம். அம்மாவுக்கு 69, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நான், மனைவி, 14 வயது மகள், 6 வயது மகன், தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய 10 மாதக் கைக்குழந்தை என்று மொத்தம் ஒன்பது பேர். அந்தமானுக்கு ஆறு நாள் போக ஆசை. பயண முகவர் கொடுத்த திட்டத்தில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் நான்கும் இருக்கின்றன. பெரியவர்களை அலைக்கழித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. எந்த மாதம் போவது, எதை விடுவது? அம்மாவைக் கேட்டால் 'உங்களுக்கு எதுவானாலும் சரி' என்கிறார்."

உங்கள் பயம் நியாயமானது. முதல் வேலையாக அந்தத் திட்டத்திலிருந்து பாராடாங்கை அடித்துவிடுங்கள். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத் தகுந்தவைதாம். ஆனால் அங்கே போக விடியலுக்கு வெகு முன்பே வண்டி ஏற வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, மற்ற வாகனங்களோடு வரிசையாக, ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவே வண்டியை நிறுத்தக்கூடாது, புகைப்படம் எடுக்கக்கூடாது. அதாவது முதியவருக்குச் சிறுநீர் கழிக்க இறங்கவும் வழியில்லை, குழந்தைக்கு டயப்பர் மாற்ற ஓரங்கட்டவும் வழியில்லை. அதன்பின் நீரிணையைக் கடக்க ஒரு படகு, அலையாத்திக் காட்டுக்குள் போக இன்னொரு படகு, குகைவரை கரடுமுரடான பாதையில் நடை. பிறகு அத்தனையும் திரும்ப. தேய்ந்த முழங்காலுக்கு இது தண்டனை. அந்தச் சாலையின் சில பகுதிகளை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வாழும் மனிதர்களின் வீட்டு முற்றம் அது. நான் எந்தக் குடும்பத்துக்கும் அந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை.

நீல் தீவையும் இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். சமதளமான, அமைதியான, வயல்களுக்கு நடுவே கடல் தெரிகிற அழகான ஊர். ஆனால் ஒவ்வொரு தீவைக் கூட்டும்போதும் நீங்கள் கூட்டுவது ஒரு கடற்கரையை மட்டுமல்ல. ஒன்பது பேரின் மூட்டை கட்டல், ஒரு மணி நேரம் முன்னதாகப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்தல், அடையாள அட்டைச் சோதனை, ஆடும் நடைபலகை, புதிய அறை, புதிய கழிப்பறை இவையெல்லாம் சேர்ந்தே வருகின்றன. இளையவர்களுக்கு அது அரை நாள் செலவு. உங்கள் பெற்றோருக்கு அதுவே முழு நாள் களைப்பு.

ஆக, ஒரே ஒரு வெளித்தீவு, அதில் மூன்று இரவு. என் தேர்வு ஹேவ்லாக். 2018-இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே புழங்குகின்றன. டிக்கெட்டில் ஒன்றும் விடுதிச் சீட்டில் மற்றொன்றும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். ஆனால் பள்ளித் தேர்வு குறுக்கே நிற்கும். மே விடுமுறையைத் தவிருங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தை ஒட்டி அந்தமானைத் தொட்டுவிடும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் வாய்ப்பு அதிகம். டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு ஓரிரு நாள் சேர்த்துப் போவது உங்கள் குடும்பத்துக்கு மிகப் பொருத்தம். அது முடியாவிட்டால் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல். வெயிலும் புழுக்கமும் இருக்கும், ஆனால் கடல் ஒத்துழைக்கும்.

முகவர்கள் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தமான் மதுரைக்குக் கிழக்கே பதினான்கு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் கடிகாரம் ஒன்றுதான். அதனால் சூரியன் அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. ஜனவரியில் மாலை ஐந்தே காலை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்து, பதினொரு மணிக்குக் கிளம்பும் குடும்பம் உச்சி வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும். இங்கேதான் உங்கள் பெற்றோர் உங்களைவிடத் தேறினவர்கள். ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும் பெரியவர்களுக்காகவே அமைந்த ஊர் அது. ஹேவ்லாக்கில் பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில் இருக்கின்றன. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் அறை வாசலில் நாற்காலி போட்டு, காபியோடு கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கடலோர அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஒரு விஷயம், அந்தக் கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கும்போது வெகு தூரம் பின்னே போய்விடும், பாறையும் பவழத் துண்டுகளும் வெளியே தெரியும். அப்போது அங்கே குளிக்க முடியாது. கடல் ஏறும் நேரத்தை விடுதியில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாள்கள். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். கப்பலும் உண்டு, ஆனால் மூன்று நாள் ஆகும், உங்களுக்கு வேண்டாம். மதுரையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்து, அதே காலையில் விமானம் ஏறாதீர்கள். முந்தைய நாளே சென்னைக்கு வந்து தூங்குங்கள். முதல் நாள் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கி, சாப்பிட்டு, ஓய்வு. மாலை கடற்கரைப் பூங்காவில் ஒரு சின்ன நடை போதும். இரண்டாம் நாள் ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிடுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் மிச்சம் பிடிக்க நினைத்து இந்த விதியை மீறியவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படகைப் பற்றி இன்னும் கொஞ்சம். என் அம்மாவை அழைத்துப்போனபோது சக்கர நாற்காலி ஏற்பாடு உண்டு என்று சொன்னார்கள். உண்மைதான், ஆனால் நாற்காலி துறையின் விளிம்புவரைதான் வந்தது. அங்கிருந்து படகுக்கு, அலையோடு ஏறி இறங்கும் பலகையில் அவரே நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பணியாளர்கள் இரு கையையும் பிடித்து ஏற்றிவிட்டார்கள், அன்பாகவே செய்தார்கள். ஆனாலும் அம்மாவின் முகத்தில் இருந்த பயத்தை நான் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரப்படாமல் கடைசியாக ஏறட்டும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரை கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். புராஸ்டேட் தொல்லையோ கண் நீர் அழுத்தமோ இருந்தால் சில மாத்திரைகள் ஆகவே ஆகாது. மருத்துவரிடம் பெயரைச் சொல்லி எழுதி வாங்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அவோமின் வகை மாத்திரை கூடவே கூடாது.

அம்மாவின் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். விடுதிக் குளிர்பெட்டியில் வைக்கும்போதும் உறைவிப்பான் பக்கம் ஒட்டாமல் வையுங்கள். மருந்துச் சீட்டு கூடவே இருக்கட்டும். அதிகாலைப் படகு என்றால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு கிடைக்காமல் நிற்கும் ஆபத்து உண்டு. இட்லியோ சப்பாத்தியோ கையில் வந்த பிறகே ஊசி. சர்க்கரை மிட்டாய் அவர் பையிலேயே இருக்க வேண்டும், உங்கள் பையில் அல்ல. எல்லாவற்றையும்விட முக்கியம் பாதம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுமணல் பொசுக்கினாலும், பவழத் துண்டு கீறினாலும் தெரியாது, ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துப் புண்ணாகத் தெரியும். கடலில் கால் நனைக்கும்போதும் பின்வார் உள்ள ரப்பர் செருப்போடுதான் இறங்க வேண்டும். இரவில் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே பாருங்கள். ஹேவ்லாக்கில் இருப்பது சிறிய அரசு சுகாதார நிலையம். பெரிய மருத்துவமனைக்கு ஸ்ரீ விஜயபுரம்தான் வர வேண்டும். ஆகவே அப்பாவின் மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பைகளில் பிரித்து.

மூன்றாம் நாள் ராதாநகர் கடற்கரை, ஒன்பது பேரும். மதியத் தூக்கம் முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மேற்குப் பார்த்த, அகன்ற வெண்மணல். மரநிழல் மணலை ஒட்டியே நிற்கிறது, பெரியவர்கள் வெயில் படாமல் உட்காரலாம். மடக்கு நாற்காலி ஒன்று வாடகைக்கோ விடுதியிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது அப்பாவுக்கு முடியாது, அந்தக் காரணத்தாலேயே பலர் நின்றே களைத்துப்போகிறார்கள். உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் குளியுங்கள். 2010-இல் இதே கடற்கரை அருகே உவர்நீர் முதலை தாக்கி ஒரு வெளிநாட்டுப் பெண் இறந்தார். பயந்து நடுங்கத் தேவையில்லை, ஆனால் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் ஒருவரும் இறங்கக்கூடாது. ஆறு வயது மகனுக்கு, அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிக் காவல் போடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் இடத்தில்தான் குழந்தை கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது.

நான்காம் நாள் பிரிந்து போங்கள். எலிஃபன்ட் பீச்சுக்குச் சின்னப் படகில் போய், முட்டளவு நீரில் குதித்து இறங்க வேண்டியிருக்கும். அது நீங்களும், தங்கை கணவரும், பிள்ளைகளும் போகிற இடம். மகள் பவழப்பாறைகளை மூச்சுக்குழலோடு பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் சொல்லட்டும். ஆழ்கடல் மூழ்கலில் ஆசை இருந்தால் இதே நாளோடு முடித்துக்கொள்ளுங்கள், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முழு நாள் இடைவெளி வேண்டும். அந்தக் காலையில் பெற்றோருக்கு ஒரு கார் வைத்துக் காலாபத்தர் கடற்கரைவரை அனுப்புங்கள். பாதை முழுதும் கடலை ஒட்டியே போகிறது, இறங்காமலே பார்க்கலாம்.

இதில் ஒரு தவறு நடக்கும், பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிறது. "அம்மா எப்படியும் அறையில்தான் இருப்பார்" என்று கைக்குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு நாளும் அப்படியே ஓடினால், உங்கள் அம்மா கடல் கடந்து போய்ப் பேரக்குழந்தைக்குத் தாதி வேலை பார்த்துவிட்டு வந்ததாக ஆகும். முகம் சுளிக்க மாட்டார், அதனால்தான் இந்த எச்சரிக்கை. அந்தக் காலையில் தங்கையோ உங்கள் மனைவியோ குழந்தையோடு விடுதியில் இருக்கட்டும். இன்னொரு நாள் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

அறைகளைத் தரைத்தளத்தில் கேளுங்கள். பெற்றோர் அறைக்கு மேற்கத்தியக் கழிப்பறையும், பிடித்து எழக் கைப்பிடியும், வழுக்காத தரையும் உண்டா என்று புகைப்படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். மணல் ஈக்கள் கடிக்கும், குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் தேவை. பால்மாவும் டயப்பரும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். சிப்பி, பவழத் துண்டு எதையும் மகன் பையில் போட்டுக்கொள்ளாமல் பாருங்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

ஐந்தாம் நாள் பிற்பகல் செல்லுலார் சிறை. 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த அந்தக் கட்டடத்தில் 690-க்கும் மேற்பட்ட தனிக் கொட்டடிகள். ஏழு சிறகுகளில் இன்று மூன்றே எஞ்சியிருக்கின்றன. மாடிக்கு ஏற வேண்டிய கட்டாயம் அப்பாவுக்கு இல்லை. தரைத்தளக் கொட்டடிக்குள் ஒரு நிமிடம் நின்றாலே போதும். பேத்தியை அவரோடு அனுப்புங்கள், உங்களைவிட அவர் நன்றாகச் சொல்லித் தருவார். மாலையில் வெற்றிமலை முருகன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போகலாம். தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்களின் கோயில்.

அம்மா "எதுவானாலும் சரி" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் "வேண்டுமா" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றே பழகியவர். இரண்டு படங்களைக் காட்டி, "இங்கே காலையில் உட்காரலாமா, அங்கே மாலையில் உட்காரலாமா" என்று கேளுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.