வாய்க்காலில் பதிவேடு 100, உங்கள் கணக்கு 120

மிதவை விட்டு, அது ஓடும் நேரத்தை வைத்து அளந்தால் விநாடிக்கு 120 கனஅடி வருகிறது, பதிவேட்டில் 100தான் இருக்கிறது, பதிவேடு தப்பா என்று கேட்டிருந்தீர்கள். மிதவை வேகத்தை அப்படியே வாய்க்காலின் குறுக்குப் பரப்போடு (அகலம் × சராசரி ஆழம்) பெருக்கிவிட்டீர்கள், அதுதான் அந்த 20 கனஅடி வித்தியாசம். மிதவை காட்டுவது மேல்தண்ணீரின் வேகத்தை மட்டும். அடியிலும் கரையோரத்திலும் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். 0.85ஆல் பெருக்குங்கள், 102 வந்துவிடும். புல் மண்டிய மண் வாய்க்கால் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துப் போடலாம். பதிவேடு தப்பு என்று அதற்குள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், தம்பி.

சந்தேகம் இருந்தால் காலையில் காற்று கிளம்புவதற்கு முன், நேராக ஓடும் இடமாகப் பார்த்து 30 மீட்டர் அளந்துகொண்டு, நடுவில் ஒரு தடவை, இரு கரைப்பக்கமும் ஒவ்வொரு தடவை மிதவை விடுங்கள். தெர்மக்கோல் வேண்டாம், காற்று தள்ளிக்கொண்டு போகும். பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டில் போதும். ஆழத்தையும் நடுவில் மட்டும் பார்க்காமல், வாய்க்காலின் குறுக்கே மீட்டருக்கு ஒரு இடமாக அளக்க வேண்டும். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்.

ஒன்று மட்டும் கவனம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, முத்துப்பேட்டைப் பக்கம் என்றால் கடல் ஏற்றத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். அளவுகோலில் மட்டம் ஏறும், ஓட்டம் இருக்காது. கீழே மதகை அடைத்திருந்தாலும், ஆகாயத்தாமரை அடைத்திருந்தாலும் இதே கதைதான், அப்போது மட்டத்தை வைத்து எழுதிய பதிவேட்டு எண்ணையும் நம்ப முடியாது. அன்றைக்கு எந்த மதகு எவ்வளவு திறந்திருந்தது என்று மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் கேட்டுவிடுங்கள், ஆபீசில் இருப்பவர்களைவிட அவருக்குத்தான் தெரியும்.