65-ல் உதறல், 90-ல் நெளிவு: கோன் செட்டில் கை வைக்கும் முன்

கேள்வி: மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாதம் இரண்டு முறை பைக்கில் போய் வருகிறேன். 350 சிசி வண்டி, ஸ்போக்ஸ் வீல், முன்னால் 19 இன்ச் டயர். 17,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, டயர் இன்னும் மாற்றவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது 65 வாக்கில் ஹேண்டில்பார் படபடவென்று உதறுகிறது; 55-க்குக் கீழே தானாக நின்றுவிடுகிறது. மனைவியும் பின்னால் பெட்டியும் இருந்தால் 90-ல் வண்டியே பாம்பு மாதிரி நெளிகிறது. மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் பேரிங்) டைட் வைத்தார். உதறல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இப்போது ஊருக்குள் மெதுவாகப் போனால் வண்டி நேராகவே போகமாட்டேன் என்கிறது. ஹேண்டில் ஆட்டத்தை அடக்குகிற ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: டேம்பருக்கு வைத்த பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனிக் கோளாறு தெரிகிறது. இரண்டு வண்டியில் வந்தவை. மூன்றாவது பட்டறையில் வந்தது.

முதலில் 65-ல் வரும் உதறல். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது ஒரு சக்கரம் மட்டும் இடமும் வலமுமாகப் படபடக்குமே, அதே சங்கதிதான். பைக்கின் முன்பக்கத்துக்கும் அப்படி ஆட ஒரு இயல்பான தாளம் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் அது நொடிக்கு 4 முதல் 10 தடவைக்குள் இருக்கும். இப்போது ஒரு சின்னக் கணக்கு: உங்கள் 19 இன்ச் வீல், டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். 65 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 18 மீட்டர், அதாவது நொடிக்கு 9 சுற்று. வீலிலோ டயரிலோ ஒரு குறை இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டும் முன்பக்கத்தின் தாளமும் ஒத்துப்போகிற வேகத்தில் ஹேண்டில்பார் உதறும். வேகம் மாறினால் தாளம் தப்பிவிடும், உதறலும் நின்றுவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரும்?

அதனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற உதறல் என்றால் நான் முதலில் பார்ப்பது சுற்றுகிற பொருளைத்தான். கோன் செட் சுற்றுவதில்லை. அது லூசாக இருந்தால் உதறலுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான். உதறலைத் தொடங்கி வைப்பது அநேகமாக டயரோ வீலோதான். டைட் வைத்ததும் உதறல் குறைந்ததற்குக் காரணம், ஹேண்டில் திரும்பவே சிரமப்பட்டதுதான். நோய் அப்படியேதான் இருக்கிறது.

இதை நானும் அடிபட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு இரண்டு தடவை கோன் செட் மாற்றினேன். மூன்றாம் தடவை அவர் வந்தபோது, வேறு ஒரு வண்டியின் முன் வீலைக் கழற்றி அதில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். உதறல் போன இடம் தெரியவில்லை. அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சோதனை இதுதான்: அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் முன் வீலை ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள்.

கடன் கொடுக்க ஆள் இல்லையென்றால் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் வீலைத் தரையிலிருந்து தூக்குங்கள். அதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பங்க் கம்ப்ரஸரில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வீலுக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் பட்டால் டயர் குழி குழியாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டியில் நடுப்பகுதி மட்டும் தட்டையாகவும் தேயும். 17,000 கிலோமீட்டர் ஓடிய டயரில் என் சந்தேகம் முதலில் இங்கேதான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் (டயர் மேலே தரையைத் தொடும் வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிய பழைய டயரை நம்பாதீர்கள்.

அப்புறம் ரிம். ஃபோர்க்கில் (முன் வீலை இருபுறமும் பிடித்திருக்கும் குழாய்) ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடும் தூரத்தில் வையுங்கள். வீலைச் சுற்றினால் கோட்டம் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி ‘ணங்’ என்னும், லூசானது ‘டொக்’ என்னும். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வருமே, அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பங்சர் ஒட்டிய பிறகு இது நிறைய நடக்கும். கடைசியாக, டிஸ்க் பிரேக்கின் பிடி வீலைத் தடுக்காதபடி கேலிப்பரைக் கழற்றிவிட்டு வீலை மெல்லச் சுற்றி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம் கீழே வந்து நின்றால் பேலன்ஸ் இல்லை. கார் டயருக்கு மறக்காமல் பேலன்ஸிங் செய்கிறவர்கள்கூட பைக்குக்குக் கேட்பதில்லை.

வீலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டி பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். லேசாகக் ‘கடக்’ என்றாலும் மாற்ற வேண்டியதுதான்.

இப்போது கோன் செட்டுக்கு வருவோம், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது. வீல் தூக்கியே இருக்கட்டும். ஹேண்டிலை நடுவில் வைத்து ஒரு விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு கடைசி வரை போக வேண்டும், இரண்டு பக்கமும். உங்கள் வண்டியில் பாதியில் நிற்கும் என்று நினைக்கிறேன். பைக் நேராக நிற்பதே ஓயாமல் செய்கிற நுண்ணிய திருத்தங்களால்தான். ஹேண்டில் இறுகினால் அந்தத் திருத்தம் தடைபடுகிறது, மெதுவாகப் போகும்போது குடித்தவர் ஓட்டுவது போல் வண்டி அலைகிறது. அதே இறுக்கம் அதிவேக நெளிவையும் அதிகமாக்கும்.

பிறகு இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். இன்னொருவர் ஹேண்டில் தலைப்பகுதிக்கும் ஃபோர்க் பிடிக்கும் இடையில் விரலை வைத்திருக்கட்டும். அசைவு அங்கே தெரிந்தால் கோன் செட் லூஸ். ஃபோர்க்கின் வழுக்கும் பகுதியில் தெரிந்தால் உள்ளே இருக்கும் புஷ் (குழாய் வழுக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. லூஸ் போகவும் வேண்டும், ஹேண்டில் தானாக விழவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு புள்ளியில் நட்டை நிறுத்துவதுதான் கைவேலை. ஹேண்டில் நேர்நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் ‘டக்’கென்று பிடித்தால், ஸ்பீடு பிரேக்கரிலும் குழியிலும் அடிவாங்கி கோன் செட்டின் பால் ரேஸில் (குண்டுகள் உருளும் தடம்) குழி விழுந்துவிட்டது. எவ்வளவு டைட் வைத்தாலும் அது போகாது. புது செட்தான்.

90-ல் வரும் நெளிவு வேறு சாதி. அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் ஆடும், ஹேண்டில் மட்டும் ஆடாமல் முழு வண்டியும் ஆடும். ஹேண்டிலில் தெரிவதால் முன்பக்கத்தைச் சந்தேகிக்கிறோம். காரணம் பெரும்பாலும் இருக்கையிலும் அதற்குப் பின்னாலும் இருக்கிறது. பின் சக்கரத்துக்கும் பின்னால், அதுவும் உயரத்தில், ஒரு பெட்டி நிறையச் சாமான். அதன் மேல் மனைவியின் எடை. பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் லேசாகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு, கனமான சாமானைப் பெட்ரோல் டேங்க் மேல் பையில் வைத்து ஒரு தடவை போய்ப் பாருங்கள். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இருவர் போவதற்கேற்ப ஏற்றி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். ஒன்று இரண்டிலும் மற்றொன்று நான்கிலும் வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பின் வீல் தூக்கியிருக்கும்போது ஸ்விங் ஆர்மின் (பின் வீலைத் தாங்கும் கை) நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது. செயின் டைட் வைத்தபோது இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் சமமாக இருந்ததா என்றும் பாருங்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை: நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்சவரம்பு 80.

இதற்கிடையில் வழியில் மறுபடி ஆடினால்? முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை முறுக்கித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். கையை விறைப்பாக்கி ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் உங்கள் உடம்பும் ஆட்டத்தில் சேர்ந்துவிடும். முழங்காலால் டேங்கைக் கவ்வி, உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். 65-ல் இரண்டு கையையும் விட்டு உதறலைச் ‘சோதித்து’ப் பார்க்கிற வேலை வேண்டாம்.

டேம்பர் மோசமான பொருள் இல்லை. பந்தய வண்டிகளில் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் தேய்ந்த டயரின் உதறலை அது கையிலிருந்து மறைத்துவிடும், நீங்களும் அதே டயரில் இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகும் உதறினால் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கலாம், அப்போதும் டேம்பர் வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் நிற்கிற இடத்தில், ஆடி மாதத்தில் வண்டி திடீர் திடீரென்று ஒரு பக்கமாக இழுக்கும். அங்கே மட்டும் ஆடி, ஊர் தாண்டியதும் நின்றுவிட்டால் அது காற்றின் வேலை. அதற்காக யாரிடமும் கோன் செட்டை டைட் வைக்கச் சொல்லாதீர்கள்.