வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். கணவர் கடலுக்குப் போகிறவர். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 15 கிலோமீட்டர் ஓட்டி மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அன்றிலிருந்து சைக்கிள் வீராங்கனை ஆக வேண்டும் என்பதுதான் பேச்சு. ரேஸ் சைக்கிள் இரண்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். என் வளையலை அடகு வைக்கலாமா? "சைக்கிள் ஓட்டினா யாரு சோறு போடுவா?" என்கிறார் இவர். அந்த இறுக்கமான உடுப்பைப் பற்றி உறவில் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரோடு ரேஸ், டிராக் ரேஸ் என்று ஏதேதோ சொல்கிறாள், அதுவும் புரியவில்லை.
- ஒரு தாய், கடலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வளையலை அடகு வைக்காதீர்கள். மகளைத் தடுக்கவும் வேண்டாம்.

புதுச்சேரியில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். என் மாணவி ஒருத்தி வீட்டில் கடன் வாங்கி விலை உயர்ந்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல சைக்கிள்தான், ஆனால் அவள் உயரத்துக்கு இரண்டு சைஸ் பெரியது. ஹேண்டில் எட்டாமல் எட்டிப் பிடித்து ஓட்டி, கழுத்தும் முதுகும் வலி எடுத்துவிட்டது. சில மாதம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது சைக்கிள் திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்கியது. டயரில் காற்று இல்லை. உப்புக்காற்றில் சங்கிலி முழுக்கத் துரு. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வாங்குவதற்கு முன்பே சைஸ் சரியா என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இப்போதைக்கு அந்த விலையில்லா சைக்கிளே போதும். அதில் ஒரு காரியம் செய்யுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்வாக வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், முட்டி அகன்று வெளியே போகும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்துங்கள். ஒரு ஸ்பேனர் போதும், பத்து நிமிட வேலை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைச் சரியாக ஏற்றுங்கள். அடுத்த வாரமே வித்தியாசம் தெரியும்.

ரோடு, டிராக் இரண்டும் வேறு வேறு விளையாட்டு மாதிரி. ரோடு ரேஸ் கூட்டமாகப் போவது. முன்னால் போகிறவள் காற்றைக் கிழிப்பாள், பின்னால் ஒட்டிப் போகிறவளுக்கு நாலில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். அதனால் கால்பலம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கணக்கும் வேண்டும்: யார் பின்னால் ஒட்டுவது, எப்போது பிய்த்துக்கொண்டு போவது என்று. டிராக் என்பது கிண்ணம் மாதிரி சாய்ந்த ஓடுதளம். 250 மீட்டர் தளத்தில் வளைவுகள் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். அந்தச் சைக்கிளுக்கு ஒரே கியர்தான், பிரேக்கே கிடையாது, சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். நம் பக்கத்தில் சென்னை மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் பல்கலைக்கழக வளாகத்தில் டிராக் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. ஒருநாள் அவளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அப்பாவையும் சேர்த்து.

இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் மரியானே ஃபோஸ் 2008 ஒலிம்பிக்கில் டிராக்கில் தங்கம் வாங்கினார், 2012-ல் லண்டன் மழையில் ரோடு ரேஸில் தங்கம் வாங்கினார். அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர் 2024 பாரிஸில் ரோடு ரேஸை வென்று, மூன்றே நாளில் டிராக்கில் அணிப் போட்டியிலும் தங்கம் வாங்கினார். அவர் வளர்ந்தது அலாஸ்காவில் மீன்பிடிக்குப் பேர்போன ஹோமர் என்ற சின்ன ஊர். கல்லூரிப் படிப்பை முடித்து, நியூயார்க்கில் வேலைக்குப் போன பிறகுதான், 2017 வாக்கில், சைக்கிள் பந்தயத்துக்கே வந்தார். அந்த ரோடு ரேஸுக்கு முதலில் தேர்வானவரும் அவர் இல்லை. ஒருவர் விலகியதால் கிடைத்த இடம் அது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பதினாறு வயதில் நேரம் ஓடிப்போகிறது என்று தோன்றும், பிளஸ் டூவை விட்டுவிடலாமா என்று கூடத் தோன்றும். விடவே கூடாது.

இன்னொருவர் நம் நாட்டுக்காரர், டெபோரா ஹெரால்டு. அந்தமான் நிகோபாரின் கார் நிகோபார் தீவுப் பெண். 2004 டிசம்பர் 26-ல் உங்கள் ஊரை அடித்த அதே அலை அவர் ஊரையும் அடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் கிடந்து பிழைத்தார். 2015-ல் 500 மீட்டர் டிராக் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் 4-வது இடம் வரை போனார். தேவனாம்பட்டினத்தில் அந்த நாளைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சோற்றுக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். ஐரோப்பாவின் முதல்தரப் பெண்கள் அணிகளுக்கே குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று 2020-ல்தான் வந்தது, வருடத்துக்கு 15,000 யூரோ. பிறகு கூடியிருக்கிறது. ஆனால் அந்த வாசல் வரை போகிறவர்கள் மிகச் சிலர், அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடக் கூடாது. இங்கே சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சோறு போடுவது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். ரயில்வேயில் எடுக்கிறார்கள். தமிழக அரசு வேலைகளில் 3 சதவீதம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் சான்றிதழ்தான் பேசும். ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் அன்றே வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்த்து, ஒரு ஃபைலில் போடுங்கள். மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது, விளையாட்டு வீரர்களுக்கு உதவும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையின் உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். ஒரு தடவை போய்ப் பதில் கிடைக்காவிட்டால் மறுபடி போங்கள்.

உடுப்பு விஷயம். அந்தக் கால்சட்டையின் உள்ளே ஒரு பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். நீண்ட நேரம் ஓட்டினால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும், அதைத் தடுக்கத்தான் அது உடம்போடு ஒட்டி இருக்கிறது. உள்ளாடை போடாமல் அதை மட்டும் போட வேண்டும், ஓட்டி முடித்ததும் கழற்றித் துவைத்துவிட வேண்டும். இதைப் பயிற்சியாளர் ஆணாக இருந்தால் சொல்லக் கூச்சப்படுவார், அம்மாவே சொல்லிவிடுங்கள். உறவுக்காரர்கள் கேட்டால், "புண்ணு வராம இருக்கப் போடுறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோதும் ஊர் பேசத்தான் செய்தது. அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

எனக்கு ரொம்பக் கவலை சாப்பாட்டில்தான். எடை குறைந்தால் வேகம் வரும் என்று யாராவது சொல்லுவார்கள், இந்த வயதுப் பிள்ளைகள் உடனே சோற்றைக் குறைப்பார்கள். குறைக்க விடாதீர்கள். ஓட்டப் போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் கேழ்வரகுக் கூழோ இட்லியோ வயிறு நிறைய. மத்தி மீன், முட்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாம் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பவை. மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் 'பயிற்சி கடுமை, அதான்' என்று விடாதீர்கள். உடம்புக்குத் தீனி போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், எலும்பு வரை பாதிக்கும். டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பாருங்கள்.

சாலையில் தனியாக அனுப்பாதீர்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், இரண்டு பேராக, ஹெல்மெட்டோடு, பின்னால் சிவப்பு விளக்கு மின்ன ஓட்டட்டும். சனி, ஞாயிறு புதுச்சேரிச் சாலையில் கார்கள் பறக்கும், அன்று வேண்டாம். ஏற்றத்துக்குக் கேப்பர் மலை இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடுமே என்று சலித்துக்கொள்வாள். வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வேண்டுமென்றே அந்தக் காற்றில் ஓட்டட்டும். நம் தட்டைப் பூமியில் மலை ஏறுவதற்குச் சமமான பயிற்சி அதுதான்.

மாதத்தில் ஒருநாள், அதே 10 கிலோமீட்டர், அதே விடியல் நேரம். எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அப்பா கையால் எழுதினால் இன்னும் நல்லது. ஆறு மாதம் நேரம் குறைந்துகொண்டே வந்தால், ஐம்பதாயிரத்துக்குள் ஒரு அலுமினிய ரோடு சைக்கிள் பார்க்கலாம், பழையதாக இருந்தாலும் சரி. அப்போது அவள் உயரத்தையும், சுவரில் முதுகை ஒட்டி நின்று கவட்டிலிருந்து தரை வரை எடுத்த உள்கால் அளவையும் சென்டிமீட்டரில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சைஸ் நான் சொல்கிறேன்.