தோள்பட்டி வெட்டினால் பட்டியைத் தளர்த்தாதீர்கள், அளவை மாற்றுங்கள்

ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கும் தங்கச்சி, 36ஏ பிரா போட்டும் மாலையில் தோள் சிவந்து எரிகிறது, பெரிய அளவு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மார்பைத் தாங்க வேண்டியது தோள்பட்டி இல்லை, உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டி. அது தளர்ந்து முதுகில் மேலே ஏறிவிட்டால் முழுப் பாரமும் தோளுக்குத்தான் போகும். கூடையின் சுமை வேறு இருக்கிறது, பாவம் அந்தத் தோள்.

தையல் டேப்பை மார்புக்குக் கீழே இறுக்கமாகச் சுற்றி அளந்து பாருங்கள். அப்புறம் மார்பின் எடுப்பான இடத்தில் இறுக்காமல் அளந்து பாருங்கள். கீழே 32, மேலே 35 அங்குலம் என்றால் வித்தியாசம் 3, அது சி கப் (கப் என்பது மார்பு அடங்கும் பகுதி). ஓர் அங்குலம் ஏ, இரண்டு பி. ஆக 32சி. சி என்றதும் பயப்பட வேண்டாம்: 36ஏ, 34பி, 32சி மூன்றிலும் கப் கொள்வது ஏறக்குறைய ஒரே அளவுதான், இறுக்கம்தான் மாறுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசம் வரும்.

நம் டவுன் கடைகளில் போட்டுப் பார்க்க விடுவது குறைவு. மாற்றித் தருவார்களா என்று கேட்டே வாங்குங்கள். வீட்டில் மிகத் தளர்வான கடைசிக் கொக்கியில் மாட்டி, கொழுந்து கிள்ளுவதுபோல் இரு கையையும் முன்னால் நீட்டுங்கள். அடிப்பட்டி நகரக் கூடாது. அதற்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாள்பட எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிகளுக்கு மாறலாம்.

மழையில் நனைந்த பிராவோடு நாள் முழுக்க நிற்காதீர்கள், மார்புக்கடியில் புண் வரும். அடுப்புக்கு மேலே காயப்போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும்.